செட்டிநாட்டு வெயிலில் வீட்டுப் பசுமைக்குடில்: பாலித்தீனா, வலையா?

ஜனவரி 18

கேள்வி: "அண்ணே, காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு. பின்கட்டுக்கு அப்பால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே 20க்கு 12 அடி இடம் சும்மா கிடக்கிறது. பசுமைக்குடில் போடலாம் என்று ஆசை. போட்டுத் தரும் ஆள் 200 மைக்ரான் பாலித்தீன் கூரை, நாலு பக்கமும் மூடல் என்கிறார். தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி எல்லாம் வருஷம் முழுக்க எடுக்கலாமாம். நம்பலாமா?"

"வருஷம் முழுக்க" என்று சொன்னவர் சித்திரையில் நம் ஊர்ப் பக்கம் தலைகாட்டியதில்லை போலிருக்கிறது. ஓசூரில் பாலித்தீன் குடிலுக்குள் குடைமிளகாய் பிரமாதமாக வரும், அங்கே இரவு குளிரும். நமக்கு மாசி கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை வெக்கைதான் தொல்லை. பாலித்தீன் வெயிலை உள்ளே விட்டுவிட்டுச் சூடான காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே 38 டிகிரி என்றால் மூடிய குடிலுக்குள் 45ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஒரே குழாய்ச் சட்டம், இரண்டு கூரை என்று போங்கள். எட்டு ஒன்பது மாதம் நிழல்வலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் மாட்டிக் கழற்றுகிற பாலித்தீன். பக்கங்களை ஒருபோதும் பாலித்தீனால் மூட வேண்டாம்.

ஜனவரி 18, இரவு

எந்தத் திசை பார்த்து வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். தெற்கு பார்த்து வை, கண்ணாடியைச் சாய்த்து வை என்று வீடியோக்களில் வரும் யோசனை எல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேரே மண்டைமேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மார்கழியில்தான் தெற்கே நன்றாகச் சாயும். ஆகவே இங்கே வெயிலைத் தாங்குவது கூரை, சுவர் அல்ல. முகட்டை வடக்கு தெற்காக ஓட்டினால் சட்டத்தின் நிழல் ஒரே பாத்தியில் நாள் முழுக்க நிற்காமல் நகர்ந்துகொண்டே போகும்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓரத்தில் 9 அடி, முகட்டில் 12 அடி. முகட்டில் நீளம் முழுக்க ஓர் அடி இடைவெளி விட்டு, அதன்மேல் தூக்கிய தொப்பி ஒன்று. சூடான காற்று மேலே போகும், அதற்கு வாசல் வேண்டும். நம் வீடுகளில் வளவு, அதாவது நடுமுற்றம், வானம் பார்த்துத் திறந்து கிடப்பதும், மேல்மாடத்தில் சின்னச் சின்ன ஜன்னல் வைத்திருப்பதும் இதே வேலைக்குத்தான்.

ஜனவரி 21

"பின்கட்டில் குழி தோண்டக் கூடாது என்று பங்காளிகள் சொல்கிறார்கள், ஒருவர் பினாங்கில் இருந்தே போன் போட்டுச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே கதை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பங்காளி வரமாட்டார், குழி என்றால் அத்தனை பேருக்கும் உரிமை ஞாபகம் வந்துவிடும்.

குழி இல்லாமலே நிறுத்தலாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் குழாயை நட்டுக் கான்கிரீட் ஊற்றுங்கள். ஒரு வாளி ஏறத்தாழ 48 கிலோ வரும். பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால். நாளைக்கே பாகம் பிரிந்தாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரம் வரை குடிலை நீட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தினம் சொட்டும் உரத்தண்ணீர் அந்தக் கல்லைக் கறையாக்கிவிடும், அப்புறம் பினாங்கில் இருந்து போன் வராது, ஆளே வருவார்.

ஜனவரி 22

வாளிக் கால் காற்றுக்கு நிற்குமா என்று தேவகோட்டை அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ அளவுக்கு அழுத்தும். 20க்கு 12 அடி என்பது 22 சதுர மீட்டர் சொச்சம். பாலித்தீன் கூரையை அந்தக் காற்று முழுசாகத் தூக்கினால் 370 கிலோவுக்குப் பக்கம். எட்டு வாளி சேர்ந்தால் 384. சட்டத்தின் எடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். கூரையின் சாய்வைப் பொறுத்து இது மாறும், அளவு பிடிபடுவதற்காகச் சொல்கிறேன். ஆக, வலை மட்டும் இருக்கும்போது கவலை குறைவு, காற்று ஊடே போய்விடும். பாலித்தீன் ஏறியதும் இரண்டு பக்கமும் கம்பிக்கயிறு இழுத்து மதிலோரத்தில் கட்ட வேண்டும். கிணற்றுத் தூணில் கட்டாதீர்கள், பழைய தூண்.

புயல் என்று செய்தி வந்தால் ஒரே வழி, பாலித்தீனைக் கழற்றிச் சுருட்டுவது. 2018 நவம்பரில் கஜா இந்த வட்டாரத்தில் தென்னையையே வேரோடு சாய்த்துப் போட்டது, வாளி எம்மாத்திரம்.

பிப்ரவரி 4

வலை வாங்கப் போகிறீர்களா, கொஞ்சம் பொறுங்கள்.

கடையில் முதலில் எடுத்துப் போடுவது பச்சை. 50, 75, 90 என்று சதவீதம் சொல்வார்கள், அது எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பதற்கான எண். காய்கறிக்கு 50க்கு மேல் போகாதீர்கள், 35 கிடைத்தால் தக்காளிக்கு அதுவே நல்லது. 75 போட்டால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும், பூ வராது. நிறத்தில் என் ஓட்டு வெள்ளைக்கு. இலை பச்சையாகத் தெரிவதே பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால்தான். மற்ற நிறங்களைவிடச் செடி குறைவாகப் பிடித்துக்கொள்ளும் ஒளியையே பார்த்துப் பார்த்து உள்ளே விட வேண்டிய அவசியம் என்ன? வெள்ளை வலை வெளிச்சத்தைச் சிதறடித்துக் கீழ் இலைவரை கொண்டு போகும். விலை கூடுதல், கடைக்காரர் வரவழைத்துத் தர வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வலை ஏசி கிடையாது. வலைக்கு அடியில் காற்றின் வெப்பம் வெளியில் இருப்பதை ஒட்டியேதான் இருக்கும். குறைவது இலையிலும் மண்ணிலும் ஏறும் சூடு. தெர்மாமீட்டரை வெயில் படும்படி தொங்கவிட்டு "அண்ணே 47 காட்டுது" என்று எழுத வேண்டாம். செடி உயரத்தில், நிழலில், காற்றுப்படும் இடத்தில் கட்டுங்கள். அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வகை ஒன்று வாங்கினால் இரவு வெப்பமும் தெரியும். பகலைவிட அதுதான் முக்கியம், ஏன் என்று பிறகு.

பிப்ரவரி 5

மானியம் கேட்டவருக்கு: தோட்டக்கலைத் துறை மானியம் விவசாய நிலத்துக்கு. சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் கேட்பார்கள். பின்கட்டுக்கு ஏது அடங்கல்.

மார்ச் 3

மண். நம்முடையது செம்மண், கொஞ்சம் தோண்டினால் செம்பூரான்கல். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. நேரே பாத்தி போட்டால் வேர்முடிச்சு நூற்புழு வேறு வரும், நிழலில் ஈரம் காயாத மண்ணில் தக்காளியும் வெள்ளரியும் மாறி மாறி வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். பையில் வளருங்கள். தென்னை நார்க்கழிவு கட்டி 5 கிலோ, ஊறினால் 65 முதல் 70 லிட்டர் வரை வரும். உப்புப் போக நன்றாக அலசிவிட்டு, மட்கிய தொழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்தால் போதும். வேப்பம் புண்ணாக்கு ஒரு கை.

தண்ணீர் பற்றித் தனியாக எழுத வேண்டும். போர் தண்ணீரில் பல தெருக்களில் உப்பு அதிகம். சொட்டுநீர்க் குழாயின் வாய் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். கிணறு இருக்கிறது என்றீர்கள், அதைப் பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீரும் கோடையில் உப்புக் கரிக்கிறது என்றால் மழைநீர்தான்.

மார்ச் 4

மழைநீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 22 சதுர மீட்டர் பாலித்தீன் கூரை, வடகிழக்குப் பருவமழையில் 400 மில்லிமீட்டர் விழுந்தால் 8,800 லிட்டர். சிந்தியது சிதறியது போக ஏழாயிரம் என்று வையுங்கள். ஓரத்தில் வழியும் தண்ணீரை ஏந்தப் பிவிசி தாரை ஒன்று போதும். வீட்டில் வளவுக் கூரைத் தண்ணீர் தகரத் தாரை வழியாக அண்டாவில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாலித்தீனுக்கு அந்த இரண்டு மாதம் இன்னொரு வேலையும் கிடைத்தது என்பதுதான் செய்தி.

ஏப்ரல் 27

எதிர்பார்த்த கடிதம் வந்துவிட்டது. "செடி நன்றாக இருக்கிறது, பூ கொத்துக் கொத்தாக வருகிறது, எல்லாம் கொட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?"

எந்த மருந்தும் வேண்டாம். தக்காளிக்குப் பகல் வெப்பம் 35ஐத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ வரும், காய் பிடிக்காது. நம் ஊரில் இப்போது விடியற்காலைகூட 26, 27. இரவு வெப்பம் பாருங்கள் என்று பிப்ரவரியில் சொன்னது இதற்காகத்தான். குடைமிளகாய் இன்னும் தொட்டாற்சுருங்கி, 32க்கே பூவை உதிர்த்துவிடும். நுண்சத்து, ஊக்கி என்று கடையில் நாலு புட்டி கொடுப்பார்கள். இரவைக் குளிர வைக்கும் புட்டி இன்னும் வரவில்லை.

புகைபோல் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் உதவுமா? பங்குனி சித்திரை மத்தியானத்தில் காற்று காய்ந்திருக்கும், அப்போது நிஜமாகவே பல டிகிரி குறைக்கும். உப்புத் தண்ணீரில் ஓடினால் சீக்கிரமே மூக்கடைத்து நிற்கும், இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி. மாலை நாலு மணிக்கு மேல் போடாதீர்கள், இலை ஈரத்தோடு இரவுக்குள் போனால் பூஞ்சை. ஐப்பசியில் ஃபாகர் வீண். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது இரண்டு டிகிரி குறைந்தால் அதிகம்.

இந்த மாதங்களில் குடிலுக்குள் என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டால்: கறிவேப்பிலைக் கன்று, புதினா, இஞ்சி, மஞ்சள், வெற்றிலைக் கொடி. வெற்றிலை நிழலும் ஈரமும் கேட்கும் பயிர், கொடிக்காலில் அகத்தியை நட்டு வளர்ப்பதே அதற்காகத்தான். கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் வெயில் குடித்து வளர்கிறவை, அவற்றை வலைக்குள் அடைத்து இடத்தை வீணாக்காதீர்கள். வெளியே போடுங்கள்.

மே 9

கத்திரி வெயில் தொடங்கியாயிற்று. காலை ஏழு மணிக்கு மேல் நானும் குடிலுக்குள் போவதில்லை. செடிக்கு வலை போட்டவன் எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டிருக்கலாம்.

மே 11

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்கிறார்: "75 வேண்டாம் என்று சொன்னீர்களே, என் வெற்றிலையும் ஆந்தூரியமும் 50இல் கருகுகின்றன." ஆச்சி, அது காய்கறிக்குச் சொன்னது. அலங்காரச் செடிக்கும் வெற்றிலைக்கும் 75 சரி. தனிக் குடில் வேண்டியதில்லை, ஒரு மூலையில் 50க்கு மேல் இன்னொரு 50 போட்டால் வேலை முடிந்தது.

ஜூன் 16

பூச்சி. ஜனவரியில் போனில் பேசும்போது சுற்றிலும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை போடச் சொல்லியிருந்தேன். இப்போது இரண்டு மனதாக இருக்கிறேன். வெள்ளை ஈயைத் தடுக்க அந்த அளவு கண் வேண்டும், வெள்ளை ஈ வந்தால் தக்காளியில் இலைச்சுருள் நோய் வரும், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கண்ணுக்குள் காற்று திணறும். உள்ளே வெக்கையும் வறட்சியும் சேர்ந்தால் செஞ்சிலந்திக்கு நல்ல விருந்து. இலைக்கு அடியில் செம்புள்ளி, மேலே வெளிறிய பொடிப்புள்ளி, கடைசியில் ஒட்டடை. வெள்ளை ஈயை வெளியே நிறுத்திவிட்டுச் சிலந்தியை உள்ளே வளர்ப்பதா?

என் இப்போதைய முடிவு: கீழே நாலடி உயரத்துக்குச் சாதாரண வலை, அதற்குமேல் 40 மெஷ், தக்காளிச் செடி இருக்கும் தை, மாசி வரைக்கும். கோடையில் மேல்வலையைச் சுருட்டிவிட வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி நாலு. சிலந்திக்குக் காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு.

கீழ்வலையை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அது மயிலுக்காக.

ஜூன் 17

மயில் பற்றி எழுதியதற்குத்தான் அதிகப் பதில் வந்திருக்கிறது! நம் பக்கத்தில் குரங்கும் மயிலும் கைவைக்காத கீரைப்பாத்தி கிடையாது. குன்றக்குடி மலையே மயில் வடிவம் என்பார்கள், முருகன் வாகனம் வேறு, யார் கையை ஓங்குவது. ஆளாளுக்குச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வலையைக் கட்டுங்கள். எனக்கு இந்தக் குடிலால் கிடைத்த பெரிய லாபமே கொத்தமல்லி முளை முழுசாகத் தப்புவதுதான், வெயில் கணக்கெல்லாம் அப்புறம்.

குன்றக்குடி என்றதும் ஞாபகம். அங்கே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோய் பிடித்த இலையைப் படம் எடுத்து இங்கே போட்டு என் ஊகத்தைக் கேட்பதைவிட, செடியோடு அங்கே போய்க் காட்டுவது நல்லது.

ஜூலை 28

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது 50 சதவீத வலை பறக்காதா. எங்கள் தெருவில் ஒருவருடைய வலை இப்போது அடுத்த வீட்டுப் புளியமரத்தில் இருக்கிறது. கால் அசையவில்லை, வாளிக் கணக்கு நின்றது. போனது கட்டு. பிளாஸ்டிக் டை வெயிலில் ஓர் ஆண்டுக்குள் நொறுங்கிவிடும். வலையின் விளிம்பை மடித்துத் தைத்து, உள்ளே நைலான் கயிறு ஓட்டி, கயிற்றைக் குழாயில் கட்டுங்கள். வலையைக் குழாயில் நேரே கட்டினால் கண் கிழியும்.

சவுக்குக் கம்பு போட்டால் மலிவாயிற்றே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மலிவுதான். நம் செம்மண்ணில் கரையான் அதற்கு முன்பதிவு செய்துவைத்திருக்கும். வாளிக் கான்கிரீட்டில் நட்டால் கொஞ்ச காலம் தள்ளும். ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் வெல்டிங் வேண்டாம், நட்டு போல்ட். வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காப்பதே துத்தநாகத்தின் வேலை. இதைக் காரைக்குடிக்காரர்களுக்கு நான் விளக்கினால் நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது வந்து காதைத் திருகுவார்கள். வைத்தே ஆக வேண்டிய இடத்தில் ஜிங்க் பெயிண்ட் இரண்டு பூச்சு.

செப்டம்பர் 14

பழைய கேள்விக்கு வருகிறேன், தக்காளி எப்போது? இப்போது விதை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வெளியில் போடும் பயிருக்கு. குடிலுக்குள் தக்காளிக்குப் புரட்டாசி நாற்று, ஐப்பசி நடவு, காய்பிடிப்பு மார்கழி, தை. இரவு 22க்குப் பக்கத்தில் இறங்கும் மாதங்கள் அவைதான். குடைமிளகாய்க்கும் அதே கணக்கு, ஆசை இருந்தால் நாலு செடி வையுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

98 குழித் தட்டு, நார்க்கழிவு, குழிக்கு ஒரு விதை. விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் புரட்டி எடுங்கள், கிலோவுக்கு 4 கிராம் என்பது அளவு, நம் சின்னப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை. தட்டைத் தரையில் வைக்காமல் பெஞ்சுமேல் வையுங்கள். மழைக்காலத்தில் முளைத்த நாற்று கழுத்து மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல், காரணம் அநேகமாக மாலையில் ஊற்றிய தண்ணீர்.

அக்டோபர் 20

பாலித்தீன் ஏற்றும் வாரம். காற்றில்லாத விடியற்காலையில் ஏற்றுங்கள், மூன்று பேர் வேண்டும். குழாயின் மேற்பக்கத்துக்கு முதலில் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள், சூடேறிய குழாய் படும் இடத்தில்தான் பாலித்தீன் முதலில் வெளுத்துக் கிழியும். புற ஊதா தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தார்ப்பாய் ரகம் ஒரு பருவத்தோடு சரி. வலையைக் கழற்ற வேண்டியதில்லை, ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தொப்பியை மூடாதீர்கள்! மழைதானே என்று நினைக்கலாம், மழை விட்ட மத்தியானம் வெயில் அடித்தால் உள்ளே வேகும்.

நவம்பர் 20

கூரைக்கு வெளியே போட்ட கொத்தமல்லி அடைமழையில் அழுகிப்போயிற்று, உள்ளே போட்டது ஜோராக நிற்கிறது. விதையை இரண்டாக உடைத்துத் தூவுங்கள், பத்து நாள் அளவில் முளைக்கும். இந்த மாதங்களில் குடில் தன் செலவைக் கொத்தமல்லியிலேயே எடுத்துவிடும் என்று தோன்றுகிறது, தக்காளியில் எடுக்காது. கடையில் கொத்தமல்லி விலை ஏறுவதும் இப்போதுதானே.

டிசம்பர் 15

"பூ நிற்கிறது, காய் மட்டும் குறைவு." இந்த முறை வெப்பம் காரணமில்லை. வலைக்குள் காற்றும் வண்டும் குறைவு. தக்காளிப் பூவில் ஆண், பெண் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, மகரந்தம் உதிர ஓர் ஆட்டம் போதும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொடி கட்டிய கயிற்றைச் சுண்டிவிடுங்கள். பாகல், சுரை என்றால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். பாகலுக்குக் காலையில், சுரைக்கு மாலையில், அது பூப்பதே அந்தி நேரத்தில். வெள்ளரிக்கு மகரந்தமே தேவைப்படாத விதையில்லா ரகம் இருக்கிறது. ஒரு விதைக்கே சில ரூபாய் ஆகும், குடிலுக்கு என்றே வந்தது, அதை வாங்குங்கள்.

ஜனவரி 11

கழற்றிய பாலித்தீனை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, ஒரு பிவிசி குழாயில் சுற்றுங்கள். மடிக்காதீர்கள், மடிப்பில் வெடிக்கும். பட்டாலையில் வைத்தால் பங்காளி கேட்பார், இரண்டாம் கட்டில் வைத்தால் எலி கேட்கும். நான் உத்தரத்தில் இரண்டு கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். எலி எட்டாத உயரம், எடுக்க ஏணி வேண்டும். ஏணி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.